மருத்துவமனையில் மறதிநோய்: நடத்தை மாற்றங்களைக் கையாள ஊழியர்களுக்கு உதவும் கைப்பேசிச் செயலிகள்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ள ஒருவர் எலும்பு முறிவு, நுரையீரல் தொற்று போன்ற வேறொரு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும்போது, வீட்டில் காணாத நடத்தைகள் அவரிடம் தோன்றக்கூடும். இரவில் எழுந்து நடப்பார், ஊசி போட வருபவரின் கையைத் தட்டிவிடுவார், உணவை மறுப்பார், ஒரே சொல்லைச் சொல்லி ஓயாமல் கூப்பிடுவார். குடும்பத்தினர் இதைக் கண்டு நோய் முற்றிவிட்டதென்று அஞ்சுகின்றனர். அவரை முன்பின் அறியாத செவிலியருக்கும் அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தோன்றாமல் போகலாம்.

இத்தகைய வேளைகளில் ஊழியர்களுக்கு வழிகாட்டுவதற்கென்று ஆஸ்திரேலியாவில் சில கைப்பேசிச் செயலிகள் உருவாக்கப்பட்டுள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றால் இயலாதவை எவை, அவை பயன்தர நோயாளியும் குடும்பத்தினரும் செய்யக்கூடியது என்ன என்பதை இந்தப் பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

- நடத்தை மாற்றத்தின் பின்னே பெரும்பாலும் வலி, பயம், பசி, களைப்பு, தனிமை போன்ற ஒரு காரணம் இருக்கும். சொல்லால் தெரிவிக்க முடியாததை நடத்தை தெரிவிக்கிறது.
- செயலி ஊழியருக்கு எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று நினைவூட்டும். அந்த நோயாளி யார் என்பது செயலிக்குத் தெரியாது.
- அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் நீங்கள். நீங்கள் தரும் நான்கைந்து குறிப்புகள் தேவையற்ற மருந்தையும் கட்டுப்படுத்தலையும் தவிர்க்க உதவலாம்.
- சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ திடீரென்று தோன்றும் குழப்பம் மறதிநோயின் இயல்பான போக்கு அன்று. அதை உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவமனையில் நடத்தை ஏன் மாறுகிறது?

மறதிநோய் உள்ளவர் தம் அன்றாட வாழ்வைப் பழக்கத்தின் துணையால் நடத்துகிறார். தம் கட்டில், தம் சமையலறை, காலையில் குடிக்கும் காப்பியின் மணம், அருகிலிருக்கும் முகம் ஆகியவை நினைவு தவறும் இடங்களில் அவரைத் தாங்கிப் பிடிக்கின்றன. மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளிலேயே இவை யாவும் ஒருசேர இல்லாமற் போகின்றன. இரவிலும் அணையாத விளக்கு, இயந்திரங்களின் ஒலி, பணிமுறைக்கொரு புதிய முகம், வார்டுக்கு வார்டு மாற்றம் ஆகியவை குழப்பத்தை வளர்க்கின்றன.

இவற்றோடு உடற்காரணங்களும் சேர்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின்வரும் வலி, சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், நீரிழப்பு, புதிய மருந்துகளின் விளைவு, உறக்கமின்மை ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. வீட்டிலிருந்து கண்ணாடியோ காது கேட்கும் கருவியோ கொண்டுவரப்படாததும் ஒரு காரணமாகலாம். பாதி பார்வையும் பாதி கேள்வியும் உள்ளவருக்கு அருகில் வரும் ஒவ்வொருவரும் அந்நியராகத் தெரிவது வியப்பன்று.

இரண்டாம் மொழியாக ஆங்கிலத்தைக் கற்றவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மறதிநோய் வளரும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் தேய்ந்து, தாய்மொழி நீண்ட காலம் நிலைப்பது வழக்கம். பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் அலுவல் பார்த்தவர்கூடத் தமிழில் மட்டுமே விடை சொல்லும் நிலைக்கு வரலாம். அவர் சொல்வது ஊழியருக்கு விளங்காதபோது, தண்ணீர் கேட்டது கூச்சலாகப் பதிவாகிவிடும்.

டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம்

மறதிநோயும் டெலிரியமும் ஒன்றல்ல. மறதிநோய் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் வளர்வது. டெலிரியம் திடீரென்று தோன்றி, ஒரே நாளில் கூடியும் குறைந்தும் காணப்படும். மறதிநோய் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். சிலர் பதற்றமடைவார்கள், இல்லாதவற்றைக் காண்பார்கள். வேறு சிலர் வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கிப்போய், நாள் முழுதும் தூங்கி வழிவார்கள். இந்த இரண்டாம் வகையினர் தொந்தரவு தராததால் கவனத்திலிருந்து தப்பிவிடுகின்றனர்.

டெலிரியத்துக்குப் பின்னால் சிகிச்சையளிக்கக்கூடிய ஒரு காரணம் பெரும்பாலும் இருக்கும். ஆகவே, ‘இரண்டு நாட்களுக்கு முன்பு இவர் இப்படி இல்லை’ என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் மருத்துவருக்கு மிகவும் மதிப்புள்ள தகவல். முன்பு இவர் எப்படி இருந்தார் என்பதை அறிந்தவர் பெரும்பாலும் அந்த வார்டில் நீங்கள் ஒருவர்தான்.

ஊழியர்களுக்கான செயலிகள் எவை?

இவற்றைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. வழிகாட்டிச் செயலிகள்

மறதிநோயால் வரும் நடத்தை மாற்றங்களையும் உளவியல் அறிகுறிகளையும் கையாளும் முறைகளைத் தொகுத்து, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மறதிநோய்க் கூட்டாய்வு மையம் 2012ஆம் ஆண்டில் விரிவான வழிகாட்டி நூல் ஒன்றை உருவாக்கியது. ஆய்வுகள் கூறுவனவற்றைத் திரட்டித் தந்த அந்நூல், பரபரப்பான வார்டில் புரட்டிப் பார்க்க முடியாத அளவுக்குப் பெரியது. எனவே அதன் சாரம் கைப்பேசிச் செயலியாகவும் ஆக்கப்பட்டது.

ஊழியர் தாம் காணும் நடத்தையைச் செயலியில் தேர்ந்தெடுக்கலாம். மனக்கிளர்ச்சி, ஆக்ரோஷம், பதற்றம், ஆர்வமின்மை, மனச்சோர்வு, அலைந்து திரிதல், இரவில் விழித்திருத்தல், ஓயாமல் கூவுதல், இல்லாததைக் காணுதல் அல்லது நம்புதல், கூச்சமின்றி நடத்தல் ஆகியவை அதில் தனித்தனித் தலைப்புகள். ஒவ்வொன்றிலும் அந்நடத்தை எவ்வாறு தோன்றும், அதன் காரணங்கள் எவை, எந்த நோயோடு அதைக் குழப்பிக்கொள்ளக்கூடும், மருந்தின்றிச் செய்யக்கூடியவை எவை, மருந்து தேவைப்பட்டால் கவனிக்க வேண்டியவை எவை என்று வரிசையாகச் சொல்லப்படும். மருத்துவரும் அனுபவமிக்க செவிலியரும் பயன்படுத்துவதற்கு ஒன்றும், நேரடிப் பராமரிப்பு ஊழியருக்கு எளிய நடையில் இன்னொன்றுமாக இவை வெளிவந்தன.

2. வலியை மதிப்பிடும் செயலிகள்

‘எனக்கு வலிக்கிறது’ என்று சொல்ல இயலாதவரின் வலியை முகத்திலும் குரலிலும் உடலசைவிலும் தேட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2004இல் வெளியான ஆபி வலி அளவுகோல் இதற்கென்றே அமைந்த தாள்வழி முறையாகும். இன்றும் பல வார்டுகளில் அது பயன்படுகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்விலிருந்து தோன்றிய பெயின்செக் என்னும் செயலி இதைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. கைப்பேசியின் கேமரா சில வினாடிகள் முகத்தைப் பார்த்து, வலியைக் காட்டும் 9 முகக்குறிகள் உள்ளனவா என்று தானே ஆராயும். பின்னர் குரல், அசைவு, நடத்தை, அன்றாடச் செயல்பாடு, உடல்நிலை ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு ஊழியர் விடையளிப்பார். ஆறு பிரிவுகளில் மொத்தம் 42 குறிப்புகள் பார்க்கப்பட்டு, வலியின் அளவு மதிப்பெண்ணாகத் தரப்படும். இது முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பெரிதும் பயன்படுகிறது.

3. பதிவுச் செயலிகள்

எப்போது, எந்த இடத்தில், எதற்கு முன்னும் பின்னும் அந்நடத்தை தோன்றியது என்று குறித்து வைப்பதற்கானவை இவை. மூன்று நாட்கள் குறித்த பிறகு, மாலை நான்கு மணிக்குப் பணிமுறை மாறும்போதுதான் பதற்றம் கூடுகிறது என்றோ, சிறுநீர் கழிக்க வேண்டிய நேரத்தில்தான் எழுந்து நடக்கிறார் என்றோ ஓர் ஒழுங்கு புலப்படலாம். சில மருத்துவமனைகளில் இந்தப் பதிவு தனிச் செயலியாக இல்லாமல் மின்னணு மருத்துவக் கோப்பின் ஒரு பகுதியாகவே இருக்கும். சில இடங்களில் இன்னும் தாளில்தான் எழுதப்படும்.

எல்லா மருத்துவமனைகளிலும் எல்லாச் செயலிகளும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த முறை பயன்பட்டாலும் அதன் அடிப்படை ஒன்றே: முதலில் காரணத்தைத் தேடு, பிறகு செயற்படு.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காகப் புனையப்பட்ட நிகழ்வு.

மறதிநோய் உள்ள 82 வயதுத் தமிழ் மூதாட்டி ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்றிருக்கிறார். மூன்றாம் நாள் காலை குளிக்க அழைத்துச் செல்ல வந்த ஊழியரின் கையைத் தட்டிவிட்டுக் கத்துகிறார். ‘ஒத்துழைக்கவில்லை, தாக்க முற்படுகிறார்’ என்று கோப்பில் பதிவாகிறது. மறுநாளும் அவ்வாறே நடக்கிறது. அமைதிப்படுத்தும் மருந்து தரலாமா என்ற பேச்சு எழுகிறது.

பொறுப்புச் செவிலியர் செயலியைத் திறந்து ஆக்ரோஷம் என்ற தலைப்பைப் பார்க்கிறார். உடற்காரணங்கள் முதலில் வருகின்றன. வலிநிவாரணி கடைசியாகக் கொடுக்கப்பட்டது முந்தைய இரவில். குளிக்க எழுப்பும் நேரத்தில் அதன் வேகம் தணிந்திருக்கும். வலுவான வலிநிவாரணிகளால் நான்கு நாட்களாக மலம் கழியவில்லை என்பதும் தெரிகிறது. அடுத்துச் சூழல்: அழைத்துச் செல்ல வந்தவர் ஓர் ஆண், என்ன செய்யப் போகிறார் என்பது ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. அதற்கும் அடுத்த கேள்வி, ‘இவருடைய வழக்கம் என்ன?’ அதற்குரிய விடை கோப்பில் இல்லை.

மாலையில் வந்த மகளிடம் செவிலியர் கேட்கிறார். மகள் சொல்கிறார்: “அம்மா ஒருநாளும் உடையில்லாமல் குளித்ததில்லை. பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரைச் செம்பில் அள்ளி முதலில் காலில்தான் ஊற்றுவார். மேலேயிருந்து தண்ணீர் தலையில் கொட்டினால் மூச்சு முட்டுகிறது என்று பயப்படுவார்.”

மறுநாள் குளியலுக்கு முன்னதாக வலிநிவாரணி தரப்படுகிறது. மலச்சிக்கலுக்கும் மருந்து தொடங்கியாயிற்று. ஒரு பெண் செவிலியர், மகள் எழுதித் தந்தபடி ‘அம்மா, குளிப்பம்’ என்று தமிழில் அழைக்கிறார். உடலைப் பெரிய துவாலையால் போர்த்தி, காலிலிருந்து தொடங்கி, ஒரு குவளையால் தண்ணீர் ஊற்றுகிறார். மூதாட்டி முணுமுணுத்தபடி இணங்குகிறார். அடுத்த நாள் மீண்டும் மறுக்கிறார். செவிலியர் வற்புறுத்தாமல் ஒரு மணி நேரம் கழித்து வருகிறார். அமைதிப்படுத்தும் மருந்து தேவைப்படவில்லை.

இந்நிகழ்வில் செயலி சரியான கேள்வியைக் கேட்க வைத்தது. விடை மகளிடம் இருந்தது.

செயலியால் இயலாதவை

- செயலி நோயைக் கண்டறியாது. டெலிரியமா, மனச்சோர்வா, தொற்றா என்பதை மருத்துவரே பரிசோதித்து முடிவுசெய்ய வேண்டும்.
- வலிச் செயலி தரும் மதிப்பெண் ஒரு குறிப்பு மட்டுமே. பார்க்கின்சன் நோயிலோ பக்கவாதத்திலோ முகத்தசைகள் இறுகியிருந்தால் முகத்தில் வலி வெளிப்படாமல் போகலாம். அப்போது ஊழியரும் குடும்பத்தினரும் கண்ணால் காண்பதற்கே முதலிடம் தர வேண்டும்.
- பண்பாடு, சமயம், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றைச் செயலி அறியாது.
- ஊழியர் பற்றாக்குறையை அது ஈடுசெய்யாது. அருகில் ஒருவர் உட்கார்ந்து கையைப் பற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் எந்தத் திரையும் உதவாது.

செவிலியர் கட்டிலருகே கைப்பேசியைப் பார்ப்பது உங்களுக்கு மனவருத்தம் தரலாம். அவர் பணி தொடர்பான குறிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். ஐயமிருந்தால் ‘நீங்கள் பார்ப்பது என்ன?’ என்று கேட்பதில் தவறில்லை.

மருந்தும் கட்டுப்படுத்தலும்

நடத்தை மாற்றத்துக்கு முதற்சிகிச்சை மருந்தன்று. காரணத்தைக் கண்டு நீக்குவதும், சூழலையும் அணுகுமுறையையும் மாற்றுவதும் முதலில் செய்ய வேண்டியவை. நோயாளிக்கோ மற்றவருக்கோ ஆபத்து நேரும் நிலையிலும், அவர் கடும் வேதனையில் இருக்கும் நிலையிலும் மருந்து தேவைப்படலாம்.

ரிஸ்பெரிடோன் போன்ற மனச்சிதைவு எதிர்ப்பு மருந்துகள் மறதிநோய் உள்ள முதியோரில் பக்கவாதம், இறப்பு ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் ரிஸ்பெரிடோன், அல்சைமர் வகை மறதிநோயில், மருந்தல்லாத முறைகள் பலனளிக்காதபோது, அதிகபட்சம் 12 வாரங்களுக்கென்றே அனுமதிக்கப்பட்டுள்ளது. லூயி உடல் மறதிநோயோ பார்க்கின்சன் நோயோ உள்ளவர்களுக்கு இவ்வகை மருந்துகள் கடும் தீங்கு விளைவிக்கக்கூடும். உங்கள் உறவினருக்கு இந்நோய்களில் ஒன்று இருப்பதாக முன்பு கூறப்பட்டிருந்தால், சேர்க்கப்படும் அன்றே அதை அழுத்தமாகத் தெரிவியுங்கள்.

கட்டிலின் பக்கக் கம்பிகளை உயர்த்தி எழவிடாமல் செய்வதும், நாற்காலியின் முன் மேசையைப் பூட்டுவதும், நடமாட்டத்தைக் குறைப்பதற்காக மட்டும் மருந்து தருவதும் கட்டுப்படுத்தல் ஆகும். இதற்கு ஒப்புதல், காரணப் பதிவு, மறு ஆய்வு ஆகியவை தேவை. நோயாளிக்காக முடிவெடுக்கும் சட்டப்படியான உரிமை உங்களுக்கு இருந்தால், நெருக்கடி நிலை தவிர்ந்த வேளைகளில் மருந்து தொடங்குமுன் உங்களிடம் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும்.

நீங்கள் தெரிவிக்க வேண்டியவை

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மத்தியக் கடற்கரைப் பகுதியில் ‘டாப் 5’ என்னும் எளிய முறை தொடங்கி, பின்னர் மாநிலத்தின் பிற மருத்துவமனைகளுக்கும் பரவியது. பராமரிப்பவரோடு ஊழியர் பேசி, நோயாளியை அமைதியாக வைத்திருக்கும் ஐந்து குறிப்புகளைப் பெற்று, எல்லா ஊழியரும் காணும்படி எழுதி வைப்பதே அம்முறை. உங்கள் மருத்துவமனையில் அது இல்லாவிட்டாலும், ஒரு தாளில் நீங்களே எழுதித் தரலாம். ஐந்துக்கு மேல் வேண்டாம். நீண்ட பட்டியலைப் பணிமுறை மாறும் வேளையில் எவராலும் படிக்க இயலாது.

பின்வருவனவற்றிலிருந்து மிகவும் முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

- எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார்? பாட்டி, அம்மா, ஐயா, மாஸ்டர் என்று பழகிய விளி எது?
- வலித்தால் என்ன செய்வார்? முனகுவாரா, முகம் சுளிப்பாரா, பேச்சை நிறுத்திவிடுவாரா?
- கழிவறைக்குச் செல்ல வேண்டும் என்பதை எந்தச் சொல்லால் அல்லது சைகையால் காட்டுவார்? கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டுமா?
- எதை, எப்படிச் சாப்பிடுவார்? சைவமா? கையால் சாப்பிடுபவருக்குக் கரண்டி தந்தால் உணவைத் தொடாமலே விடக்கூடும்.
- பதற்றமடைந்தால் எது ஆற்றும்? பழைய பாடல், செபமாலை, தேவாரம், குர்ஆன் ஓதல், குடும்பப் படம், மகனின் குரல்?
- எதைக் கழற்றினால் கலங்குவார்? தாலி, பொட்டு, திருநீறு, சிலுவை, தலைத்துணி?
- மாலையிலும் இரவிலும் அவரது வழக்கம் என்ன? வேலைக்குச் சென்ற காலத்தில் இரவுப்பணி பார்த்தவரா?

கடந்தகாலத் துன்பங்களும் முக்கியமானவை. இலங்கைப் போரின் ஊடாக வந்தவர்களில் சிலருக்கு, அண்மை நினைவுகள் மறைந்தபின் அக்கால நினைவுகள் நிகழ்காலம்போல் எழலாம். சீருடை அணிந்த பாதுகாவலர், இரவில் முகத்தில் படும் கைவிளக்கு ஒளி, பலர் ஒருசேரச் சூழ்ந்து நிற்பது, வானூர்தியின் ஒலி ஆகியவை பெரும் அச்சத்தைக் கிளப்பக்கூடும். விவரம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. ‘சீருடையைக் கண்டால் அஞ்சுவார், ஒருவர் மட்டும், முன்பக்கமாக வந்து, மெதுவாகப் பேசவும்’ என்று எழுதினாலே போதும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட்டு, பழகிய போர்வை, பெரிய எழுத்துக் கடிகாரம், உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல். நாட்டு மருந்துகளும் அப்பட்டியலில் இருக்க வேண்டும்.

மொழி

அரசு மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். மருத்துவ முடிவுகள், ஒப்புதல், நினைவாற்றல் பரிசோதனை ஆகியவற்றுக்கு உரைபெயர்ப்பாளர் தேவை. குடும்பத்தினர் அந்த இடத்தை நிரப்பக்கூடாது. அன்றாடத் தேவைகளுக்கு, ‘வலி’, ‘தண்ணீர்’, ‘கழிவறை’, ‘பசி’, ‘குளிர்’ ஆகிய சொற்களைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் உச்சரிப்பாகவும், படத்தோடும் எழுதிக் கட்டிலருகே வைக்கலாம். ஊழியர் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தினால், அது இத்தகைய சிறு தேவைகளுக்கு மட்டும் ஏற்றது. மறதிநோய் உள்ளவர் தயங்கித் தயங்கிப் பேசுவதை அது தவறாகப் புரிந்துகொள்ளலாம்.

உங்களுக்கே மறதிநோய் இருந்தால்

நோயின் தொடக்க நிலையில் இருப்பவர் தமக்கு வேண்டியதைத் தாமே சொல்லலாம், அதுவே சிறந்தது. உங்களைப் பற்றிய ஐந்து குறிப்புகளை இப்போதே எழுதி, மருத்துவ அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக யார் பேச வேண்டும் என்பதையும், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் குடும்பத்தினரோடும் மருத்துவரோடும் பேசி எழுத்தில் பதிந்து வையுங்கள். மருத்துவமனையில் உங்களைப் பற்றி உங்கள் முன்னிலையிலேயே பிறர் பேசினால், ‘என்னிடம் பேசுங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தனியுரிமை

வழிகாட்டிச் செயலிகளில் நோயாளியின் பெயரோ விவரமோ உள்ளிட வேண்டியதில்லை. அவை ஒரு கைநூல் போன்றவை. வலிச் செயலிகளும் பதிவுச் செயலிகளும் நோயாளியின் தகவலைச் சேமிக்கின்றன. எனவே முகத்தைக் கேமராவால் பார்க்கும் முன், படம் சேமிக்கப்படுமா, மதிப்பெண் மட்டும் சேமிக்கப்படுமா, யார் பார்க்கலாம் என்று கேளுங்கள். ஊழியர் தம் சொந்தக் கைப்பேசியில் நோயாளியைப் படம் எடுப்பது வேறு. ஒப்புதலின்றி அது செய்யப்படக்கூடாது. இதே நெறி குடும்பத்தினருக்கும் பொருந்தும். கலங்கிய நிலையில் உள்ளவரின் காணொளி மருத்துவரிடம் காட்டப் பயன்படலாம். உறவினர் குழுக்களில் பகிர்வது அவரது மதிப்பைக் குலைக்கும்.

ஊழியரிடம் கேட்கக்கூடிய கேள்விகள்

- இந்த நடத்தைக்குக் காரணம் எதுவென்று நினைக்கிறீர்கள்? டெலிரியம் உள்ளதா என்று பார்க்கப்பட்டதா?
- வலி எவ்வாறு மதிப்பிடப்படுகிறது? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
- நடத்தை தோன்றும் நேரமும் சூழலும் பதிவாகின்றனவா? நானும் அதைப் பார்க்கலாமா?
- மருந்தின்றி எவை முயன்று பார்க்கப்பட்டன?
- இந்த மருந்து எதற்காக, எவ்வளவு நாட்களுக்கு? எப்போது மறு ஆய்வு செய்யப்படும்?
- நான் தந்த குறிப்புகளை இரவுப்பணி ஊழியரும் படிப்பார்களா?

வீடு திரும்பும்போது

மருத்துவமனையில் தொடங்கிய மருந்துகளில் எவை நிறுத்தப்பட வேண்டும், எந்த நாளில் என்பதை எழுதி வாங்குங்கள். சில நாட்களுக்கென்று தொடங்கிய அமைதிப்படுத்தும் மருந்து, எவரும் நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்துவிடுவது உண்டு. வார்டில் பலனளித்த அணுகுமுறைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். டெலிரியம் முற்றிலும் தெளிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். ஆகவே வீடு திரும்பிய முதல் சில நாட்களில் தோன்றும் குழப்பத்தைக் கொண்டு எதிர்காலத்தை முடிவுசெய்ய வேண்டாம்.

நாள் முழுதும் கட்டிலருகே இருப்பது உங்களால் இயலாமற் போகலாம். அது குற்றமன்று. நீங்கள் எழுதி வைத்த குறிப்பு நீங்கள் இல்லாத நேரத்திலும் உங்கள் உறவினருக்குத் துணை நிற்கும்.

எப்போது உடனே உதவி நாட வேண்டும்?

மருத்துவமனையில் இருப்பவர் திடீரென்று குழம்பினாலும், எழுப்ப முடியாதபடி தூங்கினாலும், மூச்சு வாங்கினாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். உங்கள் கவலை கேட்கப்படவில்லை என்று தோன்றினால், பொறுப்புச் செவிலியரை அழைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பின்னும் நிறைவில்லையெனில், குடும்பத்தினரே அவசர மறு ஆய்வு கோரும் ஏற்பாடு உள்ளது. நியூ சவுத் வேல்ஸில் அது ‘ரீச்’ என்றும், குயின்ஸ்லாந்தில் ‘ரையனின் விதி’ என்றும் அழைக்கப்படுகிறது. பிற மாநிலங்களில் உள்ள ஏற்பாட்டை வார்டில் கேட்டு அறியலாம்.

வீட்டில் இத்தகைய திடீர் மாற்றம் ஏற்பட்டால் மருத்துவரை நாடுங்கள். உயிருக்கு ஆபத்து எனில் 000 எண்ணை அழையுங்கள்.

உதவி எண்கள்

- தேசிய மறதிநோய் உதவி எண்: 1800 100 500
- ஆஸ்திரேலிய மறதிநோய் ஆதரவுச் சேவை, நடத்தை மாற்றங்கள் குறித்த ஆலோசனை, 24 மணி நேரமும்: 1800 699 799
- பராமரிப்பவர்களுக்கான நுழைவாயில்: 1800 422 737
- தமிழில் பேச விரும்பினால், முதலில் தேசிய உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்னும் எண்ணில் அழைத்து, ‘தமிழ்’ என்று சொல்லி, மேற்கண்ட எண்களில் ஒன்றோடு இணைக்கச் சொல்லுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்கள். உங்கள் உறவினரின் சிகிச்சை பற்றிய முடிவுகளை அவரைப் பரிசோதித்த மருத்துவரோடு கலந்து எடுக்க வேண்டும்.